வெடித்த நட்சத்திரத்தில் பிறந்த தூசியை எடைபோடுவது எப்படி

1987 பிப்ரவரி 24 அன்று, நம் பால்வெளிக்குப் பக்கத்துச் சிறு அண்டமான பெரிய மெகல்லன் முகிலில் ஒரு நட்சத்திரம் வெடித்தது தெரியவந்தது. சூப்பர்நோவா 1987ஏ என்று பெயர். அதில் எவ்வளவு தூசி உருவானது என்று முதல் சில ஆண்டுகளின் அளவீடுகளைக் கொண்டு கணக்கிட்டபோது, சூரிய நிறையில் பத்தாயிரத்தில் சில பங்கு என்று விடை வந்தது. 2011-ல் ஹெர்ஷெல் விண்தொலைநோக்கியின் தரவு வெளியானபோது அதே பொருளுக்குக் கிடைத்த விடை 0.4 முதல் 0.7 சூரிய நிறை. ஆயிரம் மடங்கு வித்தியாசம். அளந்த அலைநீளமும் அளந்த காலமும் மாறியதால் வந்த வித்தியாசம் இது. தூசியை எடைபோட இறங்குபவர் முதலில் மனத்தில் பதியவைக்க வேண்டியது இதைத்தான்: குளிர்ந்த தூசி, அதற்குரிய அலைநீளத்தில் தேடாதவரை கண்ணில் படவே படாது.

கீழே உள்ள வழிமுறை, பொதுவில் கிடைக்கும் தரவை எடுத்துத் தாங்களே கணக்குப் போட்டுப் பார்க்க விரும்பும் இயற்பியல் மாணவர்களுக்கானது. நிறமாலைகளுக்கு வைஸ்ரெப் களஞ்சியம், ஜேம்ஸ் வெப் தரவுக்கு மாஸ்ட் களஞ்சியம், 3.4, 4.6 மைக்ரான் அளவீடுகளுக்கு நியோவைஸ் தொகுப்பு. இவை மூன்றும் இலவசம். கணக்குக்கு அறிவியல் கால்குலேட்டர் போதும்.

தூசி பிறக்கும் கால இடைவெளி

வெடித்த வாயு நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் விரிகிறது. விரிய விரியக் குளிர்கிறது. குளிர்வது தூசிக்கு நல்லது. ஆனால் அடர்த்தியும் காலத்தின் முப்படியாகக் குறைகிறது: 100ஆம் நாளிலிருந்து 500ஆம் நாளுக்குள் 125 மடங்கு. அடர்த்தி மிகவும் குறைந்துவிட்டால் அணுக்கள் ஒன்றையொன்று சந்திக்காது, துகள் வளராது. பாகு காய்ச்சுவது போலத்தான்: முன்னாலும் ஆகாது, பின்னாலும் ஆகாது, நடுவே ஒரு பதம் இருக்கிறது.

1987ஏ-யில் அந்தப் பதம் வந்த விதம் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. நூறு நாட்களைத் தாண்டியதும் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறின் அகச்சிவப்புக் கதிர்வீச்சு தெரிந்தது. 160ஆம் நாள் வாக்கில் சிலிக்கன் மோனாக்சைடு தெரிந்தது. இந்த மூலக்கூறுகள் வெப்பத்தை வெளியே கொட்டி வாயுவை இன்னும் வேகமாகக் குளிர்வித்தன. 500ஆம் நாளையொட்டி சிலிக்கன் மோனாக்சைடு மங்கியது. ஏறக்குறைய அதே காலத்தில் தூசியின் அறிகுறிகள் எழுந்தன. வாயுவிலிருந்த சிலிக்கன் திடப்பொருளுக்குள் போகத் தொடங்கியது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

எந்தத் துகள் முதலில்? கார்பன் 2,000 கெல்வினுக்குச் சற்றுக் கீழேயே திரளும். அதன்பின் அலுமினியம் ஆக்சைடு. சிலிக்கேட்டுகளுக்கு வெப்பநிலை 1,100 கெல்வின் அளவுக்கு இறங்க வேண்டும். இங்கே ஒரு சந்தேகம் எழும். ஆக்சிஜன் மிகுந்த அடுக்கில் கார்பன் முழுவதும் கார்பன் மோனாக்சைடுக்குள் பூட்டப்பட்டுவிடாதா? சாதாரண நட்சத்திரக் காற்றில் அப்படித்தான் ஆகும். வெடித்த நட்சத்திரத்தில் கதிரியக்கம் குறுக்கே வருகிறது. கோபால்ட்-56 சிதையும்போது வரும் காமாக் கதிர்கள் எலக்ட்ரான்களை வேகமாக உதைத்துத் தள்ளுகின்றன. அந்த எலக்ட்ரான்கள் மூலக்கூறை உடைத்துக் கார்பனை விடுவிக்கின்றன. ஹீலியம் அயனிகளும் இதே வேலையைச் செய்கின்றன. ஆகவே ஆக்சிஜன் அதிகம் என்ற ஒரே காரணத்துக்காகக் கார்பன் தூசியைக் கணக்கிலிருந்து நீக்கிவிடாதீர்கள்.

நடைமுறைக்கு வருவோம். 100 நாளுக்கு முன் அகச்சிவப்பு ஒளி கூடினால், அதை வெடிப்பு வாயுவில் பிறந்த புதுத் தூசி என்று எழுதாதீர்கள். வெடிப்பு அலை சுற்றியுள்ள அடர்ந்த வாயுவில் மோதி உருவாகும் குளிர்ந்த ஓடு மட்டுமே விதிவிலக்கு. சூப்பர்நோவா 2006ஜேசி-யில் சுமார் 50 நாளிலேயே அப்படித் தூசி உருவானது. மற்றவற்றில் 300 முதல் 800 நாள் வரை மாதம் ஒரு முறையாவது தரவு வேண்டும். பிறகு பத்து ஆண்டு கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

மூன்று சாட்சிகளும் சேர்ந்து வர வேண்டும்

புதுத் தூசி பிறந்தால் கண்ணுறு ஒளி மங்கும், அகச்சிவப்பு ஒளி கூடும், நிறமாலைக் கோடுகளின் வடிவம் மாறும். ஒன்றை மட்டும் நம்பி முடிவெடுத்தவர்கள் அடிக்கடி தவறியிருக்கிறார்கள்.

மங்குவதை அளக்க, கோபால்ட்-56 சிதைவு விதிக்கும் பிரகாசச் சரிவை ஒப்பீடாகப் பயன்படுத்துங்கள். அதன் அரைவாழ்வு 77 நாள். வெளியாகும் ஆற்றல் முழுவதும் வாயுவிலேயே தங்கினால் பிரகாசம் 100 நாளுக்கு 0.98 பொலிவு (மேக்னிட்யூட்) வீதம் குறைய வேண்டும். அதைவிடச் செங்குத்தாக விழுந்தால் தூசி இருக்கலாம். ஆனால் வாயு மெலிந்து காமாக் கதிர்கள் வெளியே நழுவினாலும் இதே போலத்தான் விழும். இரண்டையும் பிரிக்க ஒரே வழி, கண்ணுறு ஒளி ஆற்றலையும் அகச்சிவப்பு ஆற்றலையும் கூட்டிப் பார்ப்பது. ஒன்றில் இழந்தது மற்றதில் திரும்பக் கிடைத்தால் தூசி. கூட்டுத்தொகையும் சேர்ந்து விழுந்தால் கசிவு.

நிறமாலைக் கோட்டைப் பார்ப்பதுதான் மூன்றிலும் நுட்பமானது, நம்பகமானதும் கூட. வாயுக்கோளத்தின் நம் பக்கப் பாதி நம்மை நோக்கி வருகிறது. அதன் ஒளி நீலப்பக்கம் நகர்ந்திருக்கும். பின்பக்கப் பாதி விலகிப் போகிறது. அதன் ஒளி சிவப்புப்பக்கம். உள்ளே தூசி உருவானதும் பின்பக்க ஒளி அதைத் துளைத்துத்தான் வர வேண்டும். ஆகவே கோட்டின் சிவப்புத் தோள் தேய்கிறது, முகடு நீலப்பக்கம் சாய்கிறது. இதை அளக்கும் முறை:

1. ஆக்சிஜனின் 630.0, 636.4 நானோமீட்டர் இரட்டைக் கோட்டைத் தேர்ந்தெடுங்கள். நிறமாலையின் பிரிதிறன் 1,000-க்குக் குறையக் கூடாது. 1,000 என்றாலே நொடிக்கு 300 கிலோமீட்டர் வரைதான் பிரிக்க முடியும்.

2. தாய் அண்டத்தின், அதாவது வெடிப்பு நடந்த விண்மீன் மண்டலத்தின், திசைவேகத்தைக் கழியுங்கள். அட்டவணையில் உள்ள அண்டத்தின் சராசரி எண்ணை எடுக்காதீர்கள். அண்டம் சுழல்வதால், வெடிப்பு நடந்த மூலையின் வேகம் சராசரியிலிருந்து 200 கிலோமீட்டர் விலகியிருக்கக்கூடும். தூசியே இல்லாத இடத்தில் தூசி தெரிய இது ஒன்று போதும். அதே நிறமாலையில் பக்கத்து வாயுமேகத்தின் ஒடுங்கிய கோடு இருந்தால், அதையே பூச்சியமாக வையுங்கள்.

3. தூசிக்கு முந்தைய 200ஆம் நாள் வாக்கிலான நிறமாலையையும் 500 நாளுக்குப் பிந்தையதையும் ஒரே உயரத்துக்குச் சுருக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக வரையுங்கள். நீலச் சரிவு இரண்டிலும் ஏறக்குறைய ஒட்டி நிற்கும்; சிவப்புச் சரிவு மட்டும் பிந்தையதில் உள்வாங்கியிருக்கும். முகடு நொடிக்கு 500 கிலோமீட்டர் நகர்ந்தால் 630 நானோமீட்டரில் அது வெறும் 1.05 நானோமீட்டர். அலைநீள அளவுத்திருத்தம் அதில் பத்தில் ஒரு பங்குக்காவது துல்லியமாக இருக்க வேண்டும்.

4. இரட்டைக் கோட்டின் விகிதத்தைக் கவனியுங்கள். வாயு அடர்த்தியாக இருக்கும்போது இரண்டு கோடுகளும் ஏறக்குறைய சம பலம். மெலிந்தபின் மூன்றுக்கு ஒன்று. இந்த மாற்றமே முகட்டை நீலப்பக்கம் இழுத்துவிடும், தூசி தேவையில்லை. இரண்டு கோடுகளையும் தனித்தனியே பொருத்திய பிறகுதான் நகர்வை அளக்க வேண்டும்.

தொடக்கத்திலிருந்தே கோடு நீலப்பக்கம் சாய்ந்திருந்து, நாள் போகப்போகச் சாய்வு குறைந்தால், அதற்குக் காரணம் வாயுவின் ஒளிபுகாமை. தூசியால் வரும் சாய்வு தாமதமாகத் தொடங்கும், தொடங்கியபின் நிலைக்கும் அல்லது வளரும். ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் கோடு பிரகாசமானது என்பதால் அதில் கைவைக்கத் தோன்றும். இருபுறமும் நைட்ரஜன் கோடுகள் ஒட்டிக்கொண்டிருப்பதால் அதை இரண்டாம் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய தூசியைப் பிரித்தெடுப்பது

பெரிய நட்சத்திரங்கள் வெடிப்பதற்கு முன்பே தங்களைச் சுற்றித் தூசியைக் கொட்டி வைத்திருக்கும். வெடிப்பின் மின்னொளி வெளியே பரவிப் போகும்போது அந்தப் பழைய தூசி சூடாகி அகச்சிவப்பில் ஒளிரும். இதை ஒளி எதிரொலி என்கிறோம். எதிரொலி என்றால் பிரகாசம் பல மாதங்களுக்குச் சமதளமாக நீளும், கோட்டின் வடிவம் மாறாது. கணக்கிட்டு வந்த தூசிக்கோளத்தின் ஆரம், வாயு அதுவரை ஓடியிருக்கக்கூடிய தொலைவைவிடப் பெரிதாக வந்தாலும் அது பழைய தூசியே. 600 நாளில் நொடிக்கு 5,000 கிலோமீட்டர் வேக வாயு 2.6 × 10¹¹ கிலோமீட்டர் போயிருக்கும். அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.

1987ஏ-யைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது. அதிலுள்ள பழைய சிலிக்கேட் தூசி 180 கெல்வின் அளவில் ஒளிர்ந்து 10, 20 மைக்ரான் அளவீடுகளை முழுக்க ஆக்கிரமித்துவிடுகிறது. நிறையில் அது அற்பம். ஹெர்ஷெலின் பார்வைப்புள்ளி 250 மைக்ரானில் சுமார் 18 நொடிக்கோணம். வளையமோ இரண்டு நொடிக்கோணத்துக்கும் குறைவு. ஆகவே குளிர்ந்த தூசி வளையத்தில் இருக்கிறதா, உள்ளே வெடிப்பு வாயுவில் இருக்கிறதா என்று ஹெர்ஷெலால் சொல்ல முடியவில்லை. சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்தின் ஆல்மா தொலைநோக்கி வரிசை 2014-ல் அதைத் தீர்த்தது: வளையத்துக்கு நடுவே, வெடிப்பு வாயு இருக்கும் இடத்திலேயே தூசி தெரிந்தது.

எடை போடும் கணக்கு

சூத்திரம் எளிது:

தூசியின் நிறை = (பாய அடர்த்தி × தொலைவின் இருபடி) ÷ (நிறை உட்கவர் கெழு × பிளாங்க் செறிவு)

பாய அடர்த்தி என்பது அந்த அலைநீளத்தில் நம்மை வந்தடையும் ஒளியின் அளவு. நிறை உட்கவர் கெழு என்பது ஒரு கிலோகிராம் தூசி ஒளியை உறிஞ்சும் பரப்பு. பிளாங்க் செறிவு என்பது அந்த வெப்பநிலையில் கரும்பொருள் வெளியிடும் ஒளியின் செறிவு.

1987ஏ-யை எடுத்துக்கொள்வோம். ஹெர்ஷெல் 160 மைக்ரானிலும் 250 மைக்ரானிலும் ஏறக்குறைய ஒரே அளவைப் பதிவு செய்தது: சுமார் 0.12 ஜான்ஸ்கி (ஒரு ஜான்ஸ்கி என்பது 10⁻²⁶ எஸ்.ஐ. அலகு).

முதலில் வெப்பநிலை. உட்கவர் கெழு அலைநீளம் கூடும்போது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைச் சொல்லும் சரிவு எண் ஒன்று உண்டு. பொதுவாக 1-க்கும் 2-க்கும் இடையில் இருக்கும். 1 என்று எடுத்தால், 160 மைக்ரான் அளவை 250 மைக்ரான் அளவால் வகுத்த விகிதம் 17 கெல்வினில் 0.86, 20 கெல்வினில் 1.13, 23 கெல்வினில் 1.37 என்று வர வேண்டும். அளந்த விகிதம் ஏறக்குறைய 1. ஒவ்வோர் அளவிலும் 10 சதவீதத்துக்கும் மேல் பிழை உண்டு. ஆக 17 முதல் 21 கெல்வின் வரை எதுவும் பொருந்தும். 20 கெல்வின் என்று வைத்துக்கொள்வோம்.

இனி எண்கள். தொலைவு 50 கிலோபார்செக், அதாவது 1.54 × 10²¹ மீட்டர், இருபடி 2.38 × 10⁴². பாய அடர்த்தி 1.2 × 10⁻²⁷ எஸ்.ஐ. அலகு. இரண்டின் பெருக்கல் 2.86 × 10¹⁵. 250 மைக்ரானில் பிளாங்க் செறிவு 2.54 × 10⁻¹⁴-ஐ ஒரு காரணியால் வகுத்து வரும். 57.6-ஐ வெப்பநிலையால் வகுத்து, அதை இயல் மடக்கை அடியின் அடுக்காக்கி, ஒன்றைக் கழித்தால் அந்தக் காரணி கிடைக்கும். 20 கெல்வினுக்கு அது 16.8, செறிவு 1.52 × 10⁻¹⁵. உட்கவர் கெழுவைக் கிலோகிராமுக்கு 1 சதுர மீட்டர் என்று முழு எண்ணாக வைத்தால் நிறை 1.9 × 10³⁰ கிலோகிராம், அதாவது 0.95 சூரிய நிறை. கரியைப் போன்ற உருவற்ற கார்பனுக்குக் கெழு இதைவிட அதிகம். 2 என்று வைத்தால் விடை பாதியாகி, வெளியான மதிப்புகளுக்குள் வந்து நிற்கும்.

இப்போது வெப்பநிலையை மட்டும் அசைத்துப் பாருங்கள். 17 கெல்வின் என்றால் 1.6 சூரிய நிறை. 25 என்றால் 0.51. 30 என்றால் 0.33. சரிவு எண்ணை 2 ஆக்கினால் அதே விகிதத்துக்கு வெப்பநிலை 15 கெல்வின் அளவுக்கு இறங்கி, நிறை 2.6 வரை ஏறிவிடும். இந்த ஒரு பயிற்சியைக் கையால் செய்தவர், பிழை எல்லை தராத தூசி நிறையை எங்கும் நம்பமாட்டார். சரிவு எண்ணைக் கட்டுப்படுத்த 400 மைக்ரானுக்கு மேல் குறைந்தது ஓர் அளவீடு வேண்டும். ஆல்மாவின் அளவீடுகள் அதற்கு உதவுகின்றன.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்: மில்லிஜான்ஸ்கியை ஜான்ஸ்கியாக எடுப்பது, அதிர்வெண் வடிவப் பிளாங்க் சூத்திரத்துக்குப் பதில் அலைநீள வடிவத்தைப் போடுவது, கெழுவின் அலகை மாற்ற மறப்பது (கிராமுக்கு 10 சதுர சென்டிமீட்டர் என்பது கிலோகிராமுக்கு 1 சதுர மீட்டர்), தேவையில்லாமல் 4π-யைச் சேர்ப்பது. 160 மைக்ரான் பட்டைக்குள் அயனியான கார்பனின் 157.7 மைக்ரான் கோடு விழுகிறது. நிறமாலை இருந்தால் அதைக் கழியுங்கள். மில்லிமீட்டர் அலைநீளங்களில், காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்களின் சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சும், கார்பன் மோனாக்சைடு, சிலிக்கன் மோனாக்சைடு கோடுகளும் கலக்கும். பக்கத்து முகிலின் பின்னணி ஒளியைக் கழிக்காமல் விட்டால் முழுக் கணக்கும் வீண்.

சூத்திரம் செல்லுமா என்றும் சோதிக்க வேண்டும். தூசி தன் ஒளியைத் தானே மறைக்காதவரைதான் அது செல்லும். கெழுவையும் நிறையையும் பெருக்கி, கோளத்தின் குறுக்குப்பரப்பால் வகுங்கள். 23 ஆண்டில் நொடிக்கு 1,000 கிலோமீட்டர் வேக வாயு 7.3 × 10¹⁴ மீட்டர் விரிந்திருக்கும். மேலே வந்த 0.95 சூரிய நிறைக்கு விடை 1.1. வேகம் 2,000 என்றால் 0.3. இது 0.3-ஐத் தாண்டினாலே, கிடைத்த நிறையைக் கீழ் எல்லை என்று எழுதுங்கள். தொலை அகச்சிவப்பிலேயே நிலைமை இப்படி. 600ஆம் நாளில், 10 மைக்ரானில், சூரிய நிறையில் ஆயிரத்தில் ஒரு பங்கு கார்பன் தூசியே திரை போட்டுவிடும். இதனால்தான் ஆரம்பகாலச் சிறிய எண்களைப் பற்றி இரண்டு கருத்துகள் நிலவுகின்றன: தூசி முதலிலேயே நிறைய உருவாகிக் கட்டிகளுக்குள் மறைந்திருந்தது என்று ஒரு தரப்பு, இருபது ஆண்டுகளில் மெல்ல மெல்ல வளர்ந்தது என்று மறு தரப்பு.

குளிர்ந்த தூசி எந்த அளவுக்கு மறையும் என்பதற்கு ஓர் எண்: 10 மைக்ரானில் 20 கெல்வின் தூசியின் பிளாங்க் செறிவு, 400 கெல்வின் தூசியுடையதைவிட 10²⁹ மடங்குக்கும் மேல் குறைவு. ஜேம்ஸ் வெப்பின் மிரி கருவி சுமார் 28 மைக்ரான் வரைதான் பார்க்கும். 2023-ல் வெளியான ஆய்வில் அது சூப்பர்நோவா 2004இடி-யில் 0.014 சூரிய நிறைக்கு மேல் தூசியைக் கண்டது. அந்த எண்ணும் கீழ் எல்லைதான்.

சரக்கு இருக்கிறதா?

கிடைத்த எடையை நட்சத்திரத்தின் கையிருப்போடு ஒப்பிடாமல் விடாதீர்கள். 1987ஏ-யின் தூசி முழுவதும் சிலிக்கேட் என்று பொருத்தினால் இரண்டு சூரிய நிறைக்கு மேல் வருகிறது. ஃபார்ஸ்டெரைட் என்ற சிலிக்கேட்டில் இரண்டு மெக்னீசியம், ஒரு சிலிக்கன், நான்கு ஆக்சிஜன். நிறையில் சிலிக்கன் ஐந்தில் ஒரு பங்கு. அப்படியானால் 0.4 சூரிய நிறைக்கு மேல் சிலிக்கன் வேண்டும். சுமார் 20 சூரிய நிறை கொண்ட நட்சத்திரம் 0.1 அளவில்தான் வெளியேற்றும் என்று மாதிரிகள் சொல்கின்றன. ஆகவே தனிச் சிலிக்கேட் விடை தள்ளுபடி; கார்பனும் சிலிக்கேட்டும் கலந்ததாகவே எடுக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் பிழைத்து வெளியே போகுமா என்பது தனிக் கணக்கு. சுற்றியுள்ள வாயுவில் மோதித் திரும்பும் பின்னோக்கிய அதிர்வலை சிறு துகள்களை அரித்துவிடும். பெரிய துகள்களும் அடர்ந்த கட்டிக்குள் இருப்பவையும் தப்பும். சில தப்பியிருக்கின்றன என்பதற்குச் சான்று பூமியிலேயே உண்டு. 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லை அமிலங்களில் கரைத்தால், கரையாமல் நிற்கும் சிலிக்கன் கார்பைடு மணிகளில் ஒரு சிறு பங்கு ‘எக்ஸ்’ வகை. அவற்றில் சிலிக்கன்-28 மிகுதி. டைட்டேனியம்-44 சிதைந்து உண்டான கால்சியம்-44-உம் இருக்கிறது; சுமார் 60 ஆண்டு அரைவாழ்வு கொண்ட அந்த டைட்டேனியம் உயிரோடிருந்தபோதே மணி திரண்டிருக்க வேண்டும். இன்னும் நெருக்கமான கடிகாரம் வனேடியம்-49. அரைவாழ்வு 330 நாள், சிதைந்தால் டைட்டேனியம்-49. இந்த இரண்டின் விகிதங்களையும் ஒவ்வொரு மணியிலும் தனித்தனியே அளந்த 2018-ஆம் ஆண்டு ஆய்வு, அவை வெடிப்புக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் கழித்தே உருவாயின என்று கண்டது. கணக்கில் தூசி பிறந்த நாளாக 100-ஐயோ 200-ஐயோ போட்டிருந்தால், அந்த வரியை முதலில் திருத்துங்கள்.